பழைய செயலியும் டாட்நெட் லைப்ரரியும்: வாசகர் கேள்வி–பதில்

விபி 6 (விஷுவல் பேசிக்), டெல்ஃபி, எம்எஃப்சி (சி++ சாளர லைப்ரரி) என்று பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய மென்பொருள்கள் சிங்கப்பூர்க் கடைகளிலும் பட்டறைகளிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுவதையும் புதிதாக எழுத எல்லாரிடமும் பணமோ நேரமோ இல்லை. புதிய வேலையை மட்டும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்துக்கான சி ஷார்ப் மொழியில் ஒரு லைப்ரரியாக (டிஎல்எல் கோப்பாக) எழுதிப் பழைய செயலியோடு இணைப்பது நல்ல வழி. இம்முறை வந்த கேள்விகள் அனைத்தும் அந்த இணைப்பைப் பற்றியவை. நிரலில் பிழை தேடிக் களைத்துப்போய் எழுதியவர்கள் பலர். பெரும்பாலும் நிரல் சரியாகவே இருக்கிறது. 32-பிட்டா 64-பிட்டா, கோப்பு எந்த ஃபோல்டரில் கிடக்கிறது, எந்த ரன்டைம் (நிரலை ஓட்டும் அடித்தளம்) ஏறுகிறது என்ற இடங்களில்தான் சிக்கல்.

கேள்வி: மளிகைக் கடை ஒன்றுக்கு விபி 6-இல் எழுதிய பில்லிங் மென்பொருள். பணம் செலுத்தும் பேநவ் கியூஆர் காட்டுவதற்காக டாட்நெட் ஃப்ரேம்ஒர்க் 4.8-இல் ஒரு டிஎல்எல் எழுதினேன். என் கணினியில் நன்றாக ஓடுகிறது. கடைக் கணினியில் ரெக்அஸ்ம் என்ற பதிவுக் கருவி வெற்றி என்று சொன்ன பிறகும், ஆப்ஜெக்டை உருவாக்கும் வரியில் 80070002 என்ற பிழை. இன்னொரு கிளைக் கடையில் 429. ஏன் இரண்டும் வெவ்வேறு? – வாசகர், தோ பாயோ

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு என்பதால்தான் எண்ணும் வேறு.

டாட்நெட் கிளாஸ் ஒன்றைக் காம் (வெவ்வேறு மொழி நிரல்களை இணைக்கும் விண்டோஸ் ஏற்பாடு) வழியாகப் பதிவு செய்யும்போது, ரெஜிஸ்ட்ரியில் உங்கள் டிஎல்எல்லின் பெயர் நேரடியாகப் போய் உட்காருவதில்லை. அங்கே எழுதப்படுவது விண்டோஸின் எம்எஸ்கோர்ஈஈ.டிஎல்எல். விபி 6 அதைத்தான் ஏற்றுகிறது. அது டாட்நெட் ரன்டைமைக் கிளப்பி, பக்கத்தில் எழுதியிருக்கும் அசெம்பிளியின், அதாவது டாட்நெட் டிஎல்எல்லின், பெயரைத் தேடச் சொல்கிறது. ரன்டைம் தேடும் இடங்கள் குறைவு: பொதுக் களஞ்சியமான ஜிஏசி, பிறகு எக்ஸ்ஈ இருக்கும் ஃபோல்டர். உங்கள் டிஎல்எல் வேறு ஃபோல்டரில் இருந்தால் ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்பதைத்தான் 80070002 சொல்கிறது. விபி 6 இதையே -2147024894 என்றும் காட்டும்.

உங்கள் கணினியில் ஏன் ஓடியது? விஷுவல் ஸ்டுடியோவில் ‘ரெஜிஸ்டர் ஃபார் காம் இன்டர்ஆப்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருப்பீர்கள். அது பதிவு செய்யும்போது டிஎல்எல்லின் முழுப் பாதையையும் சேர்த்து எழுதிவிடும். கடையில் நீங்கள் கையால் பதிவு செய்தபோது அந்தப் பாதை விடுபட்டது. அதற்கு /கோட்பேஸ் என்ற விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் மைக்ரோசாஃப்ட்.நெட், அதற்குள் ஃப்ரேம்ஒர்க், அதற்குள் வி4.0.30319 என்ற இடத்திற்குப் போய், அங்கிருக்கும் ரெக்அஸ்மை டிஎல்எல்லின் முழுப் பாதை, /கோட்பேஸ், /டிஎல்பி ஆகியவற்றோடு இயக்குங்கள். டிஎல்எல்லுக்கு ஸ்ட்ராங் நேம் கையொப்பம் இல்லை என்றால் ஓர் எச்சரிக்கை வரும், பதிவு நடந்துவிடும். பதிவு செய்த பிறகு டிஎல்எல்லை இடம் மாற்றினால் மறுபடியும் பதிவு செய்ய வேண்டும்.

429-க்கு வருவோம். பக்கத்திலேயே ஃப்ரேம்ஒர்க்64 என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கிறது. அதிலுள்ள ரெக்அஸ்மும் ‘வெற்றி’ என்றுதான் சொல்லும், ஆனால் ரெஜிஸ்ட்ரியின் 64-பிட் பக்கத்தில் எழுதிவிடும். விபி 6 எக்ஸ்ஈ எப்போதும் 32-பிட். அது பார்க்கும் பக்கம் வேறு என்பதால் அப்படி ஒரு கிளாஸே இல்லை என்கிறது. கிரியேட்ஆப்ஜெக்ட் மூலம் உருவாக்கினால் 429, ‘நியூ’ போட்டு உருவாக்கினால் 80040154. கிளைக் கடையில் நடந்திருப்பது இதுதான். 32-பிட் ரெக்அஸ்மை ஓட்டுங்கள், போதும்.

பதிவு சரியாக இருந்தும் 80070002 தொடர்ந்தால், பிழைச் செய்தியில் வரும் அசெம்பிளியின் பெயரைப் படியுங்கள். அது உங்கள் டிஎல்எல்லாக இல்லாமல், நீங்கள் நியூகெட் என்ற லைப்ரரிக் களஞ்சியத்தில் இருந்து எடுத்த கியூஆர் லைப்ரரியாக இருக்கலாம். அதையும் உங்கள் டிஎல்எல் இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள். 80131040 என்று வந்தால் கோப்பு இருக்கிறது, பதிப்பு எண் ஒத்துவரவில்லை என்று பொருள். எந்தப் பதிப்பை ஏற்ற வேண்டும் என்று சொல்லும் பைண்டிங் ரீடைரக்டை எழுத வேண்டிய கோப்பு, எக்ஸ்ஈயின் பெயரோடு .கான்ஃபிக் சேர்த்த கோப்பு. டிஎல்எல்லின் பெயரில் உள்ள கான்ஃபிக் கோப்பை யாரும் படிப்பதில்லை. விபி 6 எடிட்டருக்குள் இருந்து ஓட்டிப் பார்க்கும்போது எக்ஸ்ஈ என்பது விபி6.எக்ஸ்ஈ ஆகிவிடும், ‘எடிட்டரில் ஓடவில்லை, கம்பைல் செய்தால் ஓடுகிறது’ என்ற புகாருக்கும் அதன் எதிர்ப்புகாருக்கும் காரணம் இது.

கிளாஸை எழுதும் விதமும் முக்கியம். அசெம்பிளி முழுவதையும் காம்விசிபிள் (காமுக்குத் தெரியும்படி) ஆக்காதீர்கள். ஒரு இன்டர்ஃபேஸ், அதை நிறைவேற்றும் ஒரு கிளாஸ், இரண்டுக்கும் கையால் கொடுத்த ஜிவிட் என்ற தனித்த அடையாள எண்கள், கிளாஸின் மேல் கிளாஸ்இன்டர்ஃபேஸ் ‘நன்’ (None). ‘ஆட்டோடூவல்’ எளிது என்று பலர் போடுகிறார்கள். நடுவில் ஒரு மெதட் சேர்த்தால் வரிசை மாறி, ஏற்கனவே கம்பைல் ஆன விபி 6 எக்ஸ்ஈ தவறான மெதடை அழைக்கும். பிழைச் செய்தி வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். தவறான தொகை வந்தால் கண்டுபிடிக்கவே நாளாகும். கன்ஸ்ட்ரக்டர் பப்ளிக்காக, அளவுருக்கள் இல்லாமல் இருக்க வேண்டும். ஸ்டேட்டிக் மெதட்களும் ஜெனரிக் வகைகளும் காம் வழியாகத் தெரியாது. ஒரே பெயரில் இரண்டு மெதட் எழுதினால் இரண்டாவதன் பெயர் பின்னால் _2 சேர்ந்து வரும்.

கியூஆர் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், அடுத்ததாக அங்கேதான் தடுக்கும். விபி 6-இன் லோட்பிக்சருக்கு பிஎன்ஜி தெரியாது. பிஎம்பி, ஜிஃப், ஜேபெக் போன்ற பழைய வடிவங்களே தெரியும். டிஎல்எல்லிலேயே பிஎம்பியாகத் தற்காலிகக் கோப்பில் எழுதி, பாதையை மட்டும் திருப்பிக் கொடுங்கள். படம் வந்தும் வங்கிச் செயலி ஏற்க மறுத்தால், குறியீட்டின் கடைசியில் உள்ள சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணின் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். அதற்கு முன்னால் வரும் ‘6304’ என்ற நான்கு எழுத்துகளையும் சேர்த்துத்தான் அதைக் கணக்கிட வேண்டும். விடை மூன்று இலக்கமாக வந்தால் முன்னால் பூஜ்யம் போட்டு நான்காக்க வேண்டும். இந்தப் பூஜ்யத்தை மறந்தால் ஏறக்குறைய பதினாறில் ஒரு பில் மட்டும் ஸ்கேன் ஆகாது.

கேள்வி: சி ஷார்ப் மெதடில் தொகையை டெசிமலாக வைத்திருக்கிறேன். விபி 6 கம்பைல் செய்யவே மறுத்து, இந்த ஆட்டோமேஷன் வகை எனக்குத் தெரியாது என்கிறது. டபுள் ஆக்கிவிடலாமா? – வாசகர், உபி

பதில்: பணத்துக்கு டபுள் வேண்டாம். விபி 6-இல் கரன்சி என்ற வகை இருக்கிறது. தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை பிசகாமல் வைத்திருக்கும். சி ஷார்ப் பக்கத்தில் டெசிமலையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அளவுருவின் மேலும், திரும்பும் மதிப்பின் மேலும் மார்ஷல்ஆஸ் போட்டு அன்மேனேஜ்டுடைப் ‘கரன்சி’ என்று எழுதுங்கள். விபி 6 அதைக் கரன்சியாகவே பார்க்கும்.

சி ஷார்ப்பின் லாங் 64-பிட் என்பதால் அதற்கும் இதே மறுப்பு வரும். விபி 6-இன் லாங் என்பது சி ஷார்ப்பின் இன்ட். விபி 6-இன் இன்டீஜர் என்பது சி ஷார்ப்பின் ஷார்ட். அரேக்களை விபி 6 எப்போதும் பைரெஃப் ஆகவே அனுப்பும், ஆகவே சி ஷார்ப் மெதடில் ‘ரெஃப்’ இருக்க வேண்டும்.

பொருள், சேவை வரி கணக்கிடும் மெதட் அதே டிஎல்எல்லில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 50 காசுப் பொருளுக்கு 9 விழுக்காடு என்றால் 4.5 காசு. மேத்.ரவுண்ட் வேறொன்றும் சொல்லாவிட்டால் சரிபாதியை இரட்டை எண் பக்கம் தள்ளி 4 காசு என்னும். 5 காசு வேண்டும் என்றால் மிட்பாயின்ட்ரவுண்டிங் ‘அவேஃப்ரம்சீரோ’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். விபி 6-இன் ரவுண்டும் இரட்டை எண் பக்கமே தள்ளும், ஃபார்மட் அப்படிச் செய்யாது. ஒரே பில்லில் இரண்டு இடத்தில் ரவுண்ட் செய்தால் கூட்டுத்தொகை இடிக்கும். ஒரே இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் பட்டறையில் இயந்திரங்களைக் கண்காணிக்கும் எம்எஃப்சி செயலி ஒன்று உள்ளது, சி++. புதிய அறிக்கைப் பகுதி டாட்நெட் 8 லைப்ரரியாக வருகிறது. காம் வழியா, சி++/சிஎல்ஐ வழியா? எம்எஃப்சி புராஜெக்ட் முழுவதற்கும் /சிஎல்ஆர் என்ற கம்பைலர் விருப்பத்தைப் போட்டதும் நூற்றுக்கணக்கான பிழைகள் வந்தன. – வாசகர், ஜூரோங்

பதில்: சி++/சிஎல்ஐ, அதாவது டாட்நெட்டோடு பேசும் சி++ வகை. ஆனால் முழுப் புராஜெக்டுக்கும் /சிஎல்ஆர் போடவே கூடாது. எம்எஃப்சி எக்ஸ்ஈ அப்படியே நேட்டிவாக (டாட்நெட் கலக்காமல்) இருக்கட்டும். நடுவில் ஒரு சிறிய டிஎல்எல் புராஜெக்ட் புதிதாகத் தொடங்குங்கள். விஷுவல் ஸ்டுடியோவில் ‘சிஎல்ஆர் கிளாஸ் லைப்ரரி, டாட்நெட்’ என்ற டெம்ப்ளேட். அதில் /சிஎல்ஆர்:நெட்கோர் தானே அமைந்திருக்கும். டாட்நெட் கோர் 3.1 முதல் இந்த வசதி உண்டு, விண்டோஸில் மட்டும், டிஎல்எல்லுக்கு மட்டும்.

எம்எஃப்சி பக்கம் சேர்க்கப்போகும் ஹெடர் கோப்பில் டாட்நெட் வாடையே இருக்கக் கூடாது. சாதாரண சி++ கிளாஸ் ஒன்று, அதற்குள் முன்னறிவிப்பு மட்டும் செய்த ஒரு உள் கிளாஸுக்கான பாயின்டர், அவ்வளவுதான். அந்த உள் கிளாஸின் உடலை .சிபிபி கோப்பில் எழுதி, அதற்குள் ஜிசிரூட் வைத்து டாட்நெட் ஆப்ஜெக்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். சரங்களை மாற்ற எம்எஸ்சிஎல்ஆர் பெயர்வெளியில் மார்ஷல்_ஆஸ் இருக்கிறது. ஒவ்வொரு மெதடின் உடலையும் டிரை–கேட்ச்சுக்குள் போட்டு, சிஸ்டம்.எக்செப்ஷனைப் பிடித்து, பிழை எண்ணாகவும் செய்தியாகவும் மாற்றி அனுப்புங்கள்.

எம்எஃப்சியை ஸ்டேட்டிக்காக, அதாவது /எம்டி (MT) போட்டு இணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். /சிஎல்ஆர் அதோடு ஒத்துப்போகாது. நடு டிஎல்எல், சி ரன்டைமை டிஎல்எல்லாக இணைக்கும் /எம்டி (MD) வகையில்தான் கம்பைல் ஆகும். இரண்டும் ஒரே செயலியில் வாழலாம். ஆனால் இரண்டு சி ரன்டைம்கள், இரண்டு ஹீப்கள் (நினைவகத் தொகுப்புகள்) இருப்பதால், சிஸ்ட்ரிங், எஸ்டிடி::டபிள்யூஸ்ட்ரிங் போன்றவற்றை எல்லை தாண்டி அனுப்பினால் ஒரு பக்கம் ஒதுக்கிய நினைவகத்தை மறுபக்கம் விடுவித்து, எப்போதாவது ஒருமுறை செயலி விழும். கான்ஸ்ட் டபிள்யூசார்_டி பாயின்டர், எண்கள், அழைப்பவர் கொடுக்கும் பஃபர், இவை மட்டும் எல்லையைக் கடக்கட்டும்.

எல்லை தாண்டும் ஒவ்வொரு அழைப்புக்கும் சிறு செலவு உண்டு. சென்சார் அளவீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு அழைப்பு என்று லட்சம் முறை அழைக்காதீர்கள். லட்சம் அளவீட்டையும் ஒரே பஃபரில் போட்டு, முகவரியும் எண்ணிக்கையும் கொடுத்து ஒருமுறை அழையுங்கள்.

நிறுவும்போது எக்ஸ்ஈ பக்கத்தில் நடு டிஎல்எல், உங்கள் டாட்நெட் டிஎல்எல், ஐஜேடபிள்யூஹோஸ்ட்.டிஎல்எல், நடு டிஎல்எல்லின் பெயரில் உள்ள .ரன்டைம்கான்ஃபிக்.ஜேசன் நான்கும் இருக்க வேண்டும். கடைசி இரண்டும்தான் வழக்கமாக விட்டுப்போகின்றன. அந்தக் கணினியில் டாட்நெட் டெஸ்க்டாப் ரன்டைமும் வேண்டும், எக்ஸ்ஈயின் பிட் அளவுக்கேற்ப 32 அல்லது 64. 8007000பி என்ற பிழை வந்தால் பிட் கலந்துவிட்டது என்று பொருள். ஏதும் புரியாமல் நின்றால் கோர்ஹோஸ்ட்_டிரேஸ் என்ற சூழல் மாறிக்கு 1 கொடுத்து, கோர்ஹோஸ்ட்_டிரேஸ்ஃபைலில் ஒரு கோப்புப் பெயர் கொடுத்து ஓட்டுங்கள். எந்த ஃபோல்டரில் எதைத் தேடிக் கிடைக்கவில்லை என்று வரி வரியாக எழுதிவிடும். இவ்வளவு நேர்மையான பதிவுக் கோப்பு வேறு எங்கும் கிடைக்காது.

இன்னொன்று: டாட்நெட் 8-க்கான ஆதரவு 2026 நவம்பர் 10-இல் முடிகிறது. புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் டாட்நெட் 10-க்குப் போங்கள், 2028 நவம்பர் வரை ஆதரவு உண்டு.

கேள்வி: எங்கள் துணைப்பாட நிலையத்தில் மாணவர் பதிவேடு அக்சஸில் இருக்கிறது. சான்றிதழை பிடிஎஃப் ஆக்க சி ஷார்ப்பில் டிஎல்எல் எழுதி, விபிஏவில் (அக்சஸுக்குள் நிரல் எழுதும் மொழி) டிக்லேர் போட்டு அழைக்கிறேன். அக்சஸ் படிவத்தில் தமிழ்ப் பெயர் ஒழுங்காகத் தெரிகிறது. பிடிஎஃப்பில் வெறும் கேள்விக்குறிகள். எழுத்துருவை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. – வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: கேள்விக்குறி வந்தால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். கேள்விக்குறி என்றால் எழுத்தே வழியில் தொலைந்துவிட்டது. வெற்றுக் கட்டங்கள் என்றால் எழுத்து வந்துவிட்டது, எழுத்துருவில் அதற்கு வடிவம் இல்லை. ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொ’ சிதறித் தெரிந்தால் எழுத்தும் எழுத்துருவும் சரி, பிடிஎஃப் லைப்ரரிக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை.

உங்களுடையது முதல் வகை. டிக்லேர் வரியில் ‘பைவால் ஆஸ் ஸ்ட்ரிங்’ என்று எழுதினால், விபிஏ தன்னிடம் உள்ள யூனிகோட் சரத்தை விண்டோஸின் ஆன்சி கோட்பேஜ் என்ற பழைய எழுத்து அட்டவணைக்கு மாற்றித்தான் வெளியே அனுப்பும். சிங்கப்பூர் ஆங்கில விண்டோஸில் அது 1252. தமிழுக்கென்று விண்டோஸில் ஆன்சி கோட்பேஜே கிடையாது, எந்த நாட்டு அமைப்புக்கு மாற்றினாலும் இல்லை. ஆகவே தமிழ் எழுத்துகள் அனைத்தும் அங்கேயே கேள்விக்குறியாகிவிடுகின்றன.

டிக்லேரில் அந்த அளவுருவை ‘பைவால் ஆஸ் லாங்பிடிஆர்’ என்று மாற்றி, அழைக்கும்போது ஸ்ட்ர்பிடிஆர்(பெயர்) கொடுங்கள். பக்கத்தில் லென்(பெயர்) என்று நீளத்தையும் அனுப்புங்கள். சி ஷார்ப் பக்கத்தில் இன்ட்பிடிஆரும் இன்ட்டும் வாங்கி, மார்ஷல்.பிடிஆர்டுஸ்ட்ரிங்யூனி கொண்டு சரமாக்குங்கள். இடையில் யாரும் தொடமாட்டார்கள்.

நீளத்தைக் கண்ணால் எண்ணாதீர்கள். ‘தமிழ்’ என்பது பார்வைக்கு மூன்று எழுத்து. நினைவகத்தில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 இடம், அதாவது 10 பைட். பெயருக்கு 20 இடம் போதும் என்று பஃபர் ஒதுக்கினால் நீளமான பெயர்களின் கடைசிப் புள்ளி வெட்டுப்படும், ‘ன்’ வர வேண்டிய இடத்தில் ‘ன’ நிற்கும். சான்றிதழில் ஒரு பிள்ளையின் பெயர் அப்படி அச்சாவது பெரிய குறை. தாராளமாக 200 இடம் ஒதுக்குங்கள்.

விண்டோஸ் அமைப்பில் யூடிஎஃப்-8-ஐக் கணினி முழுவதற்குமான கோட்பேஜாக்கும் சோதனை வசதி ஒன்று இருக்கிறது. அதைத் தொடாதீர்கள், அதே கணினியில் உள்ள மற்றப் பழைய மென்பொருள்கள் குழம்பிவிடும்.

கேள்வி: டெல்ஃபி 32-பிட் செயலி. வாடிக்கையாளர் கணினிகளில் டாட்நெட் நிறுவ அனுமதி இல்லை. டாட்நெட் நிறுவாமலே ஓடும் டிஎல்எல்லாகக் கம்பைல் செய்யும் நேட்டிவ் ஏஓடி வழி என்கிறார்கள். டிஎல்எல் உருவாகிறது, ஆனால் டெல்ஃபிக்கு அதற்குள் என் ஃபங்ஷன் கிடைக்கவே இல்லை. – வாசகர், அங் மோ கியோ

பதில்: முதலில் பதிப்பைப் பாருங்கள். லைப்ரரிகளுக்கான நேட்டிவ் ஏஓடி 2022-இல் டாட்நெட் 7-இல் வந்தது. ஆனால் விண்டோஸ் 32-பிட் ஆதரவு டாட்நெட் 9-இல்தான் வந்தது. டாட்நெட் 8-ஐ வைத்துக்கொண்டு 32-பிட் டெல்ஃபிக்கு டிஎல்எல் செய்ய முடியாது.

ஃபங்ஷன் கிடைக்காததற்கு நாங்கள் அடிக்கடி பார்க்கும் காரணம், தவறான ஃபோல்டரில் இருந்து டிஎல்எல்லை எடுப்பது. பில்டு செய்ததும் ‘வின்-எக்ஸ்86’ ஃபோல்டரில் அதே பெயரில் சாதாரண டாட்நெட் டிஎல்எல் ஒன்று கிடக்கும். அதில் எந்த நேட்டிவ் ஏற்றுமதியும் இல்லை. உங்களுக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் ‘பப்ளிஷ்’ ஃபோல்டரில் உள்ளது, அளவிலும் பெரியது. புராஜெக்ட் கோப்பில் பப்ளிஷ்ஏஓடி ‘ட்ரூ’ போட்டு, டாட்நெட் பப்ளிஷ் கட்டளையை -ஆர் வின்-எக்ஸ்86 -சி ரிலீஸ் என்று இயக்க வேண்டும். வெறும் பில்டு போதாது. கம்பைல் செய்யும் கணினியில் விஷுவல் ஸ்டுடியோவின் சி++ டெஸ்க்டாப் பகுதியும் நிறுவியிருக்க வேண்டும், லிங்கர் அதில்தான் இருக்கிறது.

மெதட் ஸ்டேட்டிக்காக இருக்க வேண்டும். மேலே அன்மேனேஜ்டுகாலர்ஸ்ஒன்லி, அதில் என்ட்ரிபாயின்ட் பெயர் கட்டாயம். பப்ளிஷ் செய்யும் புராஜெக்டிலேயே அந்த மெதட் இருக்க வேண்டும். அது இணைத்துக்கொண்ட வேறொரு லைப்ரரியில் இருந்தால் ஏற்றுமதி ஆகாது. ஸ்ட்ரிங், பூல், சார் மூன்றையும் அளவுருவாக ஏற்காது. பூலுக்குப் பதில் பைட், சரத்துக்குப் பாயின்டர்.

டெல்ஃபி பக்கத்தில் ‘ஸ்டிடிகால்’ எழுத மறக்காதீர்கள். டெல்ஃபியின் இயல்பான அழைப்பு முறை ரெஜிஸ்டர் என்பதால், எழுதாவிட்டால் முதல் அழைப்பிலேயே குப்பை மதிப்புகள் வரும். ஃபங்ஷனின் விடையாக வைட்ஸ்ட்ரிங்கைத் திருப்பவும் வேண்டாம். டெல்ஃபி அதை மறைமுகமான கூடுதல் அளவுருவாகக் கையாளுகிறது, மற்றக் கம்பைலர்கள் அப்படிச் செய்வதில்லை. டெல்ஃபி ஒரு பஃபரும் அதன் அளவும் கொடுக்கட்டும், சி ஷார்ப் அதில் நிரப்பிவிட்டுத் தேவையான நீளத்தைத் திருப்பட்டும். யார் ஒதுக்கியது, யார் விடுவிப்பது என்ற குழப்பம் எழவே எழாது.

எக்செப்ஷன் ஒன்று அந்த மெதடை விட்டு வெளியே வந்தால் செயலி அப்படியே மூடிக்கொள்ளும், டெல்ஃபியின் டிரை–எக்செப்ட் அதைப் பிடிக்காது. உள்ளேயே பிடியுங்கள். ஃப்ரீலைப்ரரி போட்டு டிஎல்எல்லை இறக்கவும் முயலாதீர்கள், நேட்டிவ் ஏஓடியில் அதற்கு ஆதரவு இல்லை. ஜேசன் கையாளுகிறீர்கள் என்றால் சிஸ்டம்.டெக்ஸ்ட்.ஜேசனின் சோர்ஸ் ஜெனரேட்டரைப் பயன்படுத்துங்கள். ரிஃப்ளெக்ஷனை (ஓடும்போதே வகைகளை ஆராய்வதை) நம்பும் லைப்ரரிகள் பப்ளிஷ் செய்யும்போது எச்சரிக்கை தரும். அந்த எச்சரிக்கைகளை ஒன்றுவிடாமல் படித்துத் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அவை பிறகு வாடிக்கையாளர் கணினியில் பிழையாக வந்து நிற்கும்.

கேள்வி: டெல்ஃபியில் இருந்து டாட்நெட் லைப்ரரி ஒன்றை அழைத்தால், வரைபடம் வரையும் இடத்தில் தசம எண் பிழை வந்து விழுகிறது. அதே லைப்ரரி சி ஷார்ப் செயலியில் ஒழுங்காக ஓடுகிறது. – வாசகர், பிடோக்

பதில்: டெல்ஃபி 12-க்கு முந்தைய பதிப்புகள், பூஜ்யத்தால் வகுப்பது போன்ற தசமக் கணக்குப் பிழைகளை எக்செப்ஷனாக எழுப்பும்படி சிபியூவை அமைத்துவிடுகின்றன. டாட்நெட்டோ அவை எழாது, முடிவிலியோ எண்ணல்லாத மதிப்போ வரும் என்று நம்பி எழுதப்பட்டது. அழைப்பதற்கு முன் செட்எக்செப்ஷன்மாஸ்க்கில் எக்ஸ்ஆல்அரித்மெடிக்எக்செப்ஷன்ஸ் கொடுத்து அடக்குங்கள். உங்கள் சொந்தக் கணக்குகள் அந்த எக்செப்ஷனை நம்பியிருந்தால், அழைப்பு முடிந்ததும் ஃபைனலி பகுதியில் பழைய அமைப்புக்குத் திருப்புங்கள்.

கேள்வி: மின் இன்வாய்ஸ் அனுப்பும் இன்வாய்ஸ்நவ் சேவை வழங்குநரின் ஏபிஐயை அழைக்கும் டிஎல்எல், ஃப்ரேம்ஒர்க் 4.8. சி ஷார்ப் சோதனைச் செயலியில் வேலை செய்கிறது. விபி 6 எக்ஸ்ஈயில் இருந்து அழைத்தால் பாதுகாப்பான எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் இணைப்பை உருவாக்க முடியவில்லை என்கிறது. – வாசகர், காக்கி புக்கிட்

பதில்: பொருள், சேவை வரிக்குத் தாமாக முன்வந்து பதியும் புதிய நிறுவனங்களுக்கு 2025 நவம்பர் 1 முதல் படிப்படியாக இன்வாய்ஸ்நவ் கட்டாயமாகி வருவதால், இந்தக் கேள்வி இனி அடிக்கடி வரும்.

ஃப்ரேம்ஒர்க் 4.7 முதல் டிஎல்எஸ் (மறைகுறியாக்க இணைப்பு முறை) பதிப்பை விண்டோஸே தேர்ந்தெடுக்கும். ஆனால் அந்தப் புதிய நடத்தை வேண்டுமா என்று ரன்டைம் முடிவு செய்வது, எக்ஸ்ஈ எந்த ஃப்ரேம்ஒர்க் பதிப்புக்காக எழுதப்பட்டது என்பதை வைத்து. விபி 6 எக்ஸ்ஈயில் அப்படி ஒரு குறிப்பே இல்லை. ஆகவே பழைய 4.0 நடத்தைக்கு இறங்கி, டிஎல்எஸ் 1.0 கொண்டு கதவைத் தட்டுகிறது. சேவையகம் மறுக்கிறது. டிஎல்எல்லை 4.8-க்கு எழுதியிருப்பது இங்கே கணக்கில் வராது.

நிர்வாகி உரிமை தேவைப்படாத வழி, எக்ஸ்ஈ பக்கத்தில் உள்ள .எக்ஸ்ஈ.கான்ஃபிக் கோப்பில் ஆப்கான்டெக்ஸ்ட்ஸ்விட்ச்ஓவர்ரைட்ஸ் எழுதி, சிஸ்டம்.நெட்டின் டோன்ட்எனேபிள்ஸ்கியூஸ்ஸ்ட்ராங்கிரிப்டோ, டோன்ட்எனேபிள்சிஸ்டம்டிஃபால்ட்டிஎல்எஸ்வெர்ஷன்ஸ் இரண்டையும் ‘ஃபால்ஸ்’ ஆக்குவது. நிரலிலேயே செய்வதென்றால், முதல் இணைப்புக்கு முன் சர்விஸ்பாயின்ட்மேனேஜரின் செக்யூரிட்டிபுரோட்டோகாலில் டிஎல்எஸ்12-ஐச் சேர்த்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் ஸ்கியூஸ்ஸ்ட்ராங்கிரிப்டோவை 1 ஆக்கும் வழியும் உண்டு. எக்ஸ்ஈ 32-பிட் என்பதால் வாவ்6432நோட் கிளையில் எழுத வேண்டும். மற்ற செயலிகளையும் பாதிக்கும் என்பதால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அலுவலகக் கணினியில் நிர்வாகி உரிமை இல்லை. ரெக்அஸ்ம் ஓடவில்லை. வழி உண்டா? – வாசகர், செங்காங்

பதில்: உண்டு. உங்கள் சொந்தக் கணினியில் ரெக்அஸ்மை /ரெக்ஃபைல், /கோட்பேஸ் விருப்பங்களோடு ஓட்டினால் பதிவு செய்யாமல் ஒரு .ரெக் கோப்பை மட்டும் தரும். அதில் ஹெச்கீ_கிளாசஸ்_ரூட் என்று வரும் இடங்களை எல்லாம் ஹெச்கீ_கரன்ட்_யூசர், அதற்குள் சாஃப்ட்வேர், கிளாசஸ் என்று மாற்றுங்கள். கோட்பேஸ் பாதையை அலுவலகக் கணினியின் பாதையாகத் திருத்தி, அங்கே இருமுறை கிளிக் செய்து சேர்த்துக்கொள்ளுங்கள். /ரெக்ஃபைலோடு /டிஎல்பி சேராது, டைப் லைப்ரரியைத் தனியே உருவாக்க வேண்டும். செயலியை ‘நிர்வாகியாக இயக்கு’ என்று திறந்தால் இந்தப் பயனர் பதிவை விண்டோஸ் கண்டுகொள்ளாது, சாதாரணமாகத் திறக்க வேண்டும். இவ்வளவையும் செய்யும் முன் உங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: டாட்நெட் டிஎல்எல்லில் உள்ள விண்டோஸ் ஃபார்ம் ஒன்றை சி++ செயலியில் இருந்து ஷோ கொண்டு திறந்தால், டேப் விசை வேலை செய்வதில்லை. – வாசகர், யீஷூன்

பதில்: விசைகளைப் பிரித்து அனுப்பும் மெசேஜ் லூப் உங்கள் சி++ செயலியுடையது. அதற்கு விண்டோஸ் ஃபார்ம்ஸின் டேப் வரிசை தெரியாது. ஷோடயலாக் கொண்டு திறந்தால் ஃபார்ம் தன் சொந்த லூப்பை ஓட்டும், சிக்கல் தீரும். திறந்த நிலையிலேயே பின்னால் உள்ள சாளரத்திலும் வேலை செய்ய வேண்டும் என்றால், எஸ்டிஏ (ஒற்றைத் திரெட் வகை) ஆக அமைத்த தனி திரெட் ஒன்றில் அப்ளிகேஷன்.ரன் மூலம் அந்த ஃபார்மைத் திறங்கள்.

கேள்வி: சி++ செயலியின் கால்பேக் (அது பிறகு திரும்ப அழைக்கும் ஃபங்ஷன்) ஒன்றை டாட்நெட் பக்கம் இருந்து கொடுத்திருக்கிறேன். சில நிமிடம் ஒழுங்காக ஓடும், பிறகு செயலி விழும். டீபக்கரில் ஓட்டினால் விழுவதே இல்லை. – வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: மார்ஷல்.கெட்ஃபங்ஷன்பாயின்டர்ஃபார்டெலிகேட் கொண்டு பாயின்டர் எடுத்திருப்பீர்கள். அந்தப் பாயின்டரை சி++ வைத்திருப்பது டாட்நெட்டின் குப்பை சேகரிப்பானுக்குத் தெரியாது. டெலிகேட்டை (மெதடைச் சுட்டும் ஆப்ஜெக்டை) உங்கள் நிரலில் யாரும் பிடித்திருக்கவில்லை என்றால் அடுத்த சேகரிப்பில் அது போய்விடும், பாயின்டர் வெறும் முகவரியாக நிற்கும். டீபக் பில்டில் உள்ளூர் மாறிகள் மெதட் முடியும்வரை உயிரோடு வைக்கப்படுவதால் தப்பித்துவிடுகிறது. டெலிகேட்டை ஒரு ஸ்டேட்டிக் புலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சி++ பக்கம் கால்பேக்கை நீக்கிய பிறகே அதை நல் (null) ஆக்குங்கள். சோதிக்க வேண்டுமானால் ரிலீஸ் பில்டில், பாயின்டரைக் கொடுத்த உடனே ஜிசி.கலெக்டை வேண்டுமென்றே அழைத்துப் பாருங்கள். தவறு இருந்தால் சில நிமிடம் காத்திருக்காமல் அப்போதே விழும்.

கால்பேக் எந்த திரெட்டில் ஓடுகிறது என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள். சி++ அதைத் தன் பின்னணி திரெட்டில் அழைத்தால் டாட்நெட் பக்கமும் அதே திரெட்டில்தான் ஓடும். அங்கிருந்து திரையில் எதையும் தொடாமல், போஸ்ட்மெசேஜ் மூலம் முதன்மை திரெட்டுக்குச் செய்தி அனுப்பி, அங்கே மாற்றுங்கள்.